மறு: 'மேற்கோள்' எந்தச் சூரியனைச் சுற்றுகிறது?

> யாழ்ப்பாணத்து ஐயா எழுதியது:
> சைட்டேஷனுக்கு மேற்கோள் என்ற நல்ல சொல் இருக்க, இன்னொன்று எதற்கு?

ஐயா, வணக்கம். சைட்டேஷன், அதாவது ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிறர் தம் கட்டுரையில் சுட்டுவது, அதற்கு மேற்கோள் ஏன் போதாது என்று சொல்கிறேன்.

போன வெள்ளி பின்னேரம் திருகோணமலை டச் பே கடற்கரையில் தொலைநோக்கியை நிமிர்த்திவிட்டு, இருட்டுவதற்காகக் காத்திருந்தோம். வானியலாளர் ஒருவரைப் பற்றி நான் எழுதிய தாளைப் பிள்ளைகளிடம் கொடுத்திருந்தேன். "இவருடைய கட்டுரைகளுக்கு ஆயிரக்கணக்கான மேற்கோள்கள் உண்டு" என்று அதில் ஒரு வரி. பத்தாம் ஆண்டுப் பெடியன் ஒருவன் கேட்டான்: "சேர், உந்த மேற்கோள் எல்லாம் எந்தச் சூரியனைச் சுத்துது?"

அவன் பகிடி விடவில்லை. அகக்கோள், புறக்கோள் என்று படித்த பிள்ளைக்கு மேற்கோளும் ஒரு கோள்தான்.

நன்னூல் பாயிரமே 'பழஞ்சூத்திரத்தின் கோள்' என்கிறதே, எல்லாம் 'கொள்' என்ற ஒரே வேர்தானே என்பீர்கள். சரி. மேடையில் குறளை மேற்கோள் காட்டட்டும், எனக்கு வழக்கில்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரையில் பெரும்பாலும் யாரும் யாருடைய வசனத்தையும் ஒப்புவிப்பதில்லையே!

அமெரிக்க வானியலாளர் ஹென்றியேட்டா லீவிட்டைப் பாருங்கள். 1912இல் ஹார்வர்ட் வான்காணகச் சுற்றறிக்கையாக வந்தது மூன்றே பக்கம். நமக்கு அருகில் உள்ள சிறு விண்மீன் திரளான சிறிய மகெல்லன் முகிலில், ஒளி மாறும் 25 விண்மீன்கள். ஒளி ஏறி இறங்கும் காலம் நீளநீள விண்மீனின் பிரகாசமும் கூடுகிறது என்று காட்டினார். அறிக்கையின் அடியில் ஒப்பம் இயக்குநர் பிக்கரிங்கினுடையது. (இந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல.) 1921இல் லீவிட் இறந்துபோனார். 1923இல் வானியலாளர் ஹபிள் ஆந்திரமேடாவில் அப்படியொரு விண்மீனைக் கண்டார். லீவிட்டின் வசனத்தையா திருப்பிச் சொன்னார்? அவருடைய விதியை எடுத்தார், ஆண்டார், தூரத்தைக் கணித்தார். ஆந்திரமேடா நம் பால்வீதிக்கு வெளியே கிடக்கும் இன்னொரு விண்மீன் திரள் என்று அதில்தான் தெளிவானது.

ஆகவே என் முன்மொழிவு: எடுத்தாள்கை. எடுத்தாண்ட கட்டுரை, எடுத்தாளப்பட்ட கட்டுரை, தன் கட்டுரையைத் தானே காட்டினால் தன்னெடுத்தாள்கை. நாம் பிறரைச் சுட்டும் பட்டியல் வழக்கம்போல உசாத்துணை. பிறர் நம்மிடம் வருவது எடுத்தாள்கை.

ஆய்வு அவுட்புட்டுக்கு, அதாவது ஒருவரின் ஆய்விலிருந்து வெளிவரும் கட்டுரைகளுக்கு, நம் குழுவில் அக்கா சொன்ன 'ஆய்வு விளைச்சல்' எனக்குப் பிடித்திருக்கிறது. 'பெறுபேறு' வேண்டாம், சோதனை ஞாபகம் வருகிறது.

எச் இன்டெக்ஸுக்கு வருவோம். ஓர் ஆய்வாளரை ஒரே எண்ணால் அளக்க 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் கொண்டுவந்த கணக்கு அது. கட்டுரைகளை எடுத்தாள்கை கூடியதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். தன் வரிசை எண்ணுக்குக் குறையாத எடுத்தாள்கை உள்ள கட்டுரை தேறும். கடைசியாகத் தேறியதன் வரிசை எண்தான் விடை. ஒருவரின் ஆறு கட்டுரைகளுக்கு 40, 22, 9, 5, 4, 1 எடுத்தாள்கைகள் என்று வையுங்கள். நாலாவதற்கு 5, தேறுகிறது. ஐந்தாவதற்கு 4தான், தேறவில்லை. எண் 4. முதற் கட்டுரைக்கு 40 அல்ல, 40,000 வந்தாலும் அதே 4தான். லீவிட்டைப் போல ஒரு கட்டுரையால் உலகத்தைத் திருப்பியவர்களுக்கு இந்தத் தராசு சரிவராது. விலைச் சுட்டெண் நமக்குப் பழகியதுதான், ஆனால் 'எச்சுட்டெண்' என்று சேர்த்து எழுதினால் எந்தச் சுட்டெண் என்ற கேள்வியாகிவிடும்! ஹிர்ஷ் சுட்டெண் என்றே விடுவோம்.

> மட்டக்களப்புத் தம்பி எழுதியது:
> அண்ணை, எடுத்தாள்கை என்றால் சொல்லாமல் எடுத்த மாதிரி இல்லையோ?

தம்பி, சொல்லாமல் எடுத்தால் அதற்குக் கருத்துத் திருட்டு என்று பச்சையான சொல் இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வி வேறொன்றைக் கிளறிவிட்டது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீனின் நிறை சூரியனைப் போல 1.4 மடங்குக்குமேல் தாங்காது என்ற 'சந்திரசேகர் எல்லை'யை இன்று எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். 1931இல் வானியற்பியலாளர் சந்திரசேகர் எழுதிய கட்டுரையைப் பெரும்பாலும் உசாத்துணையில் போடுவதில்லை. அது திருட்டுமல்ல. எல்லோருடைய அறிவிலும் கரைந்துபோய்விட்டதால் மூலத்தைச் சுட்டும் தேவையே இல்லாமற் போகிறது. சமூகவியலாளர் மெர்ட்டன் இதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்திருக்கிறார். தமிழில் 'உட்கரைவு' என்று எழுதிப் பார்த்தேன். சீனி கரைவது போல இருக்கிறது. ஐயா, இதற்கு உங்களிடம் ஏதும் பழஞ்சொல் கிடக்கிறதா?