சுண்டெலிக்கு எதற்கு எம்.ஆர்.ஐ.?

பம்பலப்பிட்டிப் பூனைக்காரி:
சுண்டெலிக்கு அல்சைமர் என்ற மறதி நோய் தானாக வருவதில்லை. மனித மரபணுவை உள்ளே நுழைத்து மூளையில் படிவுகளை வரவழைக்கிறார்கள், பிறகு எம்.ஆர்.ஐ.யில் படுக்க வைத்துப் படம் பிடிக்கிறார்கள். இல்லாத நோயைப் பார்த்து என்ன காணப் போகிறோம்?

ஆய்வுகூடத் தம்பி:
அக்கா, முன்பு ஒவ்வொரு கட்டத்துக்கும் சில எலிகளைக் கொன்று மூளையை வெட்டித்தான் பார்த்தார்கள். ஸ்கான் என்றால் அதே எலியை மூன்றாம் மாதமும் பார்க்கலாம், ஒன்பதாம் மாதமும் பார்க்கலாம். எலிகளின் எண்ணிக்கை குறையும்.

பூனைக்காரி:
அந்த எலி சும்மா படுத்திருக்குமா? பல்லை ஒரு கம்பியில் மாட்டி, காதுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து, மூக்கில் ஐசோஃபுளுரேன். அந்த மயக்க மருந்தே மூளையின் இரத்தக் குழாய்களை விரிக்கும். அப்புறம் இரத்த ஓட்டம் என்று நீங்கள் அளப்பது எதை?

ஆய்வுகூடத் தம்பி:
அது நியாயமான கேள்விதான். அதனால்தான் சிலர் எலியைக் குழாய்க்குப் பழக்கி, விழித்திருக்கும்போதே எடுக்கிறார்கள். அதுவும் லேசில்லை. மூளை அரை கிராம்கூட இல்லை. காந்தத்தின் பலத்தை டெஸ்லாவில் அளப்பார்கள்; ஆஸ்பத்திரிகளில் உள்ள 1.5, 3 டெஸ்லா காந்தம் பெரும்பாலும் போதாது, 7, 9.4 என்று போக வேண்டும்.

தெஹிவளைக் கிழவர்:
பிள்ளை, எனக்குப் பாரிசவாதம் வந்த இரவு சி.டி.யில் ஒன்றுமே தெரியவில்லை. எம்.ஆர்.ஐ.யில் இடது பக்கம் சுண்டுவிரல் நகமளவு வெள்ளை, பளிச்சென்று. கலங்கள் வீங்கி, தண்ணீர் அசைய இடமில்லாத இடம் அப்படித் தெரியுமாம். அதை 1990இல் கலிபோர்னியாவில் மோஸ்லி என்ற ஆய்வாளரின் குழுவினர் முதலில் எதில் கண்டார்கள் தெரியுமா? பூனையில். இரத்தம் தடைப்பட்டு 45 நிமிடத்திலேயே தெரிந்ததாம்.

பூனைக்காரி:
பூனை என்றதும் வயிற்றைப் பிசைகிறது அங்கிள். உங்களுக்கு உதவியது, மறுக்கவில்லை. ஆனால் படமெடுக்கும் முறை வேறு, மருந்து வேறு. என்.எக்ஸ்.ஒய்-059 என்ற பாரிசவாத மருந்து விலங்குகளில் நன்றாக வேலை செய்தது. பெரிய மனிதச் சோதனையில் தோற்றுப் போனது.

ஆய்வுகூடத் தம்பி:
நாம் எடுப்பது பெரும்பாலும் இளம், ஆரோக்கியமான எலி. வாதம் வருவதோ சீனியும் பிரஷரும் உள்ள வயசாளிக்கு. அங்கேதான் பிழை. ஸ்கானில் இல்லை.

தெஹிவளைக் கிழவர்:
சரி தம்பி, அந்த ஒன்பது மாத எலி? அதைக் கடைசியில் என்ன செய்வீர்கள்?

ஆய்வுகூடத் தம்பி:
வெட்டித்தான் பார்ப்போம் அங்கிள். படத்தில் தெரிந்தது அதுதானா என்று வேறு எப்படி உறுதி செய்வது?