தகரத்தில் மரம்: பழைய ஸ்டேஷன் வேகனைத் தேற்றியவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள்

பின்சீட்டுக்காரன், மிச்சிகன்

வேலை முடிந்தது போன ஆகஸ்டில். எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று தள்ளிப்போட்டு இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டி 1988 ஃபோர்டு எல்டிடி கன்ட்ரி ஸ்கொயர், கூரை பின்கதவு வரை நீளும் ஸ்டேஷன் வேகன், அடர் நீலம், அரிசோனாவில் ஓடியது. இங்கே பனிக்காலத்தில் சாலைக்கு உப்பு போட்டுப் போட்டு, இந்த வயது வண்டிகளின் அடித்தகடு தொட்டால் உதிரும். அரிசோனா வண்டியில் துரு இல்லை. வெயில்தான் மேலிருந்து தின்றிருந்தது. கூரையிலும் பானெட்டிலும் கிளியர் கோட், அதாவது கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாப் பூச்சு, செதில் செதிலாக எழும்பி நின்றது. பக்கவாட்டு மரம் காய்ந்த வாழைச்சருகு நிறத்துக்கு வந்துவிட்டது.

மரம் என்கிறேனே தவிர அது மரமில்லை. மர ரேகை அச்சிட்ட வினைல் படலம். ஒரு காலத்தில் நிஜமாகவே மரமாக இருந்தது. 1929-ல் மாடல் ஏ ஸ்டேஷன் வேகன் வந்தபோது உடம்பே மரம்தான். அதற்காக ஃபோர்டு எங்கள் மாநிலத்தின் வடகோடியில், அயர்ன் மவுண்டன் பக்கம், காடும் ஆலையும் வைத்திருந்தது. மிஞ்சிய மரத்துண்டுகளைக் கரியாக்கி விற்றார்கள். இன்று பார்பிக்யூவுக்கு வாங்குகிறோமே கிங்ஸ்ஃபோர்டு கரி, அதன் பூர்வீகம் அங்கேதான். கன்ட்ரி ஸ்கொயர் என்ற பெயர் வந்தது 1950-ல். 1952-லேயே உடம்பு முழுக்க எஃகாகி, பக்கவாட்டு மரப் பலகை படலமாகிவிட்டது. அந்த வேஷத்திலேயே 1991 வரை ஓட்டினார்கள்.

பழைய படலத்தை எடுப்பதுதான் முதல் வேலை. ஹீட் கன்னால் சூடு காட்டினால் தோல் மாதிரி உரிந்து வரும் என்று வீடியோக்களில் காட்டுவார்கள். புதுப் படலம் அப்படி வரும். முப்பது வருட வெயில் தின்ற படலம் நகத்தளவு சில்லாகத்தான் வரும். நான்கு சனி ஞாயிறு போயிற்று. கடைசியில் கை கொடுத்தது டிரில்லில் மாட்டுகிற ரப்பர் சக்கரம். ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் அடியிலுள்ள பெயின்ட் வெந்துவிடும், கையை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் அதிர்ஷ்டம். படலத்தைச் சுற்றி வெளிர் மர நிறத்தில் பிளாஸ்டிக் சட்டம் ஓடும். அதைக் கழற்றியபோது அடியில் அரை விரல் அகலத்துக்கு வெயிலே படாத படலம் இருந்தது. செம்பு கலந்த அடர் பழுப்பு, கோட்டுக்குக் கோடு தெளிவு. அதுவரை இந்த வண்டியின் மரம் வெளிர் நிறம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதற்கேற்ற சுருளையும் கடையில் பார்த்து வைத்திருந்தேன். அந்தத் துண்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு போய் வேறு நிறம் எடுத்தேன்.

பெயின்டில் என் பங்கு தேய்ப்பது மட்டும். 320 எண் உப்புத்தாள், அப்புறம் இன்னும் நைசான 400, 600. உரிந்த இடத்தின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாது, கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் இழுத்துப் பார்த்தால் தட்டும். தட்டாத வரை தேய்த்தேன். கலரும் கிளியரும் அடிக்கக் கடையில் கொடுத்துவிட்டேன். இரண்டு பாகம் கலக்கிற கிளியரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி வேண்டும். அது இல்லாமல் வீட்டு கராஜில் அடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்.

இனி என் முட்டாள்தனம். பெயின்ட் முடிந்து வண்டி வந்த ஐந்தாம் நாளே இடது பின்கதவில் புதுப் படலத்தை ஒட்டினேன். கண்ணாடி மாதிரி உட்கார்ந்தது. மறுநாள் வெயில் ஏறியதும் பார்த்தால் பூரி பூரியாக உப்பல். அடுப்பில் வைத்து உலர்த்தாத பெயின்ட்டிலிருந்து கரைப்பான் இன்னும் ஆவியாகிக்கொண்டிருந்திருக்கிறது. மேலே படலம் மூடிக்கொண்டால் அது எங்கே போகும்? ஒரு கதவுப் படலம் குப்பைக்குப் போயிற்று. ஒரு மாதம் பொறுத்தேன்.

அப்புறம் ஒழுங்காக நடந்தது. இருபது டிகிரி சுமாரான ஒரு காலை, பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு கலந்த தண்ணீர், அந்தத் தண்ணீரை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளும் ஸ்குவீஜி என்கிற தட்டைத் துடைப்பான். குழிவான இடங்களில் இழுத்து ஒட்டியபின் தொண்ணூறு டிகிரிக்கு மேல் சூடு காட்டினால்தான் படலம் தன் பழைய வடிவத்தை மறக்கும். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் மெல்ல எழும்பி நிற்கும்.

மிச்சமிருந்தது சட்டம். புதுசு கிடைக்கவில்லை, பழசில் ரேகையெல்லாம் அழிந்துவிட்டது. அப்போதுதான் விருதுநகரில் இருக்கும் சித்தப்பாவின் ஞாபகம் வந்தது. நாற்பது வருடம் பெயின்டர். இரும்புக் கேட்டையும் தகரக் கதவையும் தேக்கு மாதிரி அடித்துத் தருவார். வீடியோ காலில் சட்டத்தைக் காட்டினேன். ஒரு நிமிஷம் சிரித்தார். "இதுக்கா அமெரிக்கா போன?" என்றவர், பாடம் எடுக்க ஆரம்பித்தார். முதலில் சந்தன நிறம் அடித்துக் காய விடு. மேலே பழுப்பு ஸ்டெயினை மெல்லிசாகத் தடவு. பழைய பிரஷ்ஷின் மயிரை அங்கங்கே கத்தரித்துவிட்டு, காய்ந்த பிரஷ்ஷாகவே ஒரே இழுப்பாக இழு.

"கை நடுவுல நின்னுடுச்சுன்னா?"

"நின்ன இடத்துல கணு போட்டுடு."

என் சட்டத்தில் பதினொரு கணு இருக்கிறது.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸுக்குக் கொண்டுபோனேன். 1995 முதல் நடக்கும் ஊர்வலம், ஃபெர்ண்டேலிலிருந்து பான்டியாக் வரை பழைய வண்டிகளாகவே நகரும். ஓரமாக நிறுத்தியிருந்தபோது எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா வந்தார். பெயின்ட்டைப் பார்க்கவில்லை, நேரே பின்கதவுக்குப் போய், "திறக்கலாமா?" என்றார். இந்த வண்டியில் கடைசி இருக்கைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி பக்கவாட்டில் இருக்கும். அவர் பிள்ளைகள் நாலு பேரும் அதில் முழங்காலோடு முழங்கால் இடித்துச் சண்டை போட்டுக்கொண்டே ஃப்ளோரிடா வரை போவார்களாம். கணுக்களை விரலால் தடவி, "எங்களுடையதில் இத்தனை இல்லையே" என்றார். என்ன சொல்ல? சித்தப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

சாம்பல்மரம், லெஸ்டர்

அண்ணை, நீங்கள் ஒட்டினீர்கள், நான் வெட்டி இழைத்தேன். என்னுடையது 1968 மொறிஸ் மைனர் ட்ரவலர். அதில் பின்பக்கத்து மரச்சட்டம் ஆஷ் மரம், அலங்காரத்துக்கு இல்லை. பின் உடம்பைத் தாங்குவதே அதுதான். உக்கினால் வண்டியின் எலும்பு உக்கின மாதிரி.

யாழ்ப்பாணத்தில் பெரியப்பாவிடம் ஒரு மைனர் இருந்தது, வேகன் இல்லை, சாதாரண கார். பொருளாதாரத் தடைக் காலத்தில் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினவர். அந்தப் புகை மணம் ஞாபகம் இருக்கிறபடியால்தான் இந்த வண்டியை வாங்கினேன் என்று மனைவி சொல்லுவா. பொய் இல்லை.

மரம் கறுத்துக் கிடந்தது. வார்னிஷ் வெடித்த இடத்தால் தண்ணீர் இறங்கி, கீழ்ச்சட்டத்தின் மூட்டுகளில் தேங்கும். கறுப்பு மேலோட்டமா, உள்ளேயும் உக்கலா என்று பார்க்கச் சின்ன ஸ்க்ரூட்றைவரால் குத்திப் பார்த்தேன். மேல்சட்டம் டொக் என்று தடுத்தது. இடது கீழ்ச்சட்டத்தில் கேக்குக்குள் கத்தி போல இறங்கினது. அந்த ஒன்றைப் புதுசாகப் போட்டேன். மற்றதுகளுக்கு ஒக்சாலிக் அமிலக் கரைசல் பூசினேன். கையுறை கட்டாயம், காய்ந்தபின் தூள் மூக்குக்குள் போகக்கூடாது. அடுத்த நாள் காலை கறுப்புப் போய் மரம் பால் வெள்ளையாக நின்றது. நன்றாகக் கழுவி, காய வைத்து, ஆறு பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையில் மெல்லத் தேய்ப்பு. துளையிட்ட இடமும் வெட்டுமுகமும்தான் தண்ணீர் குடிக்கும் வாய், அங்கே இரண்டு பூச்சு கூட.

பெற்றோல் நிலையத்தில் ஒருவர் வந்து, "மழைக்குள் விட்டால் காளான் முளைக்குமே" என்றார். "போன வருஷம் முளைத்தது" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு போனார்.

ரேகைசாஸ்திரி, ஹூஸ்டன்

தலைவரே, உங்கள் பதினொரு கணுவாவது கணக்கில் இருக்கிறது. என் கதை வேறு. 1986 ஜீப் கிராண்ட் வேகனீர், டொலீடோவில் செய்தது. நேரமில்லை என்று படலம் ஒட்டுவதை இங்கே ஒரு கடையில் கொடுத்தேன். வண்டியை எடுக்கப் போன நாள் ஏதோ இடிக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் எட்டு வயது மகள் கேட்டாள்: "அப்பா, ஏன் ஒரு கதவில் மட்டும் மரம் நின்னுட்டு இருக்கு?"

மற்ற எல்லா இடத்திலும் ரேகை கிடையாக ஓட, முன்கதவில் மட்டும் செங்குத்து. துண்டு வீணாகாமல் இருக்கத் திருப்பி வெட்டியிருக்கிறார்கள். கேட்டால், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்கிறார்கள். அதற்கப்புறம் அதைத் தவிர வேறு எதையும் என்னால் கவனிக்க முடியவில்லை. மாற்றித் தந்தார்கள், ஆனால் வேறு சுருளிலிருந்து. மாலை வெயிலில் அந்தக் கதவு மட்டும் ஒரு சாயல் சிவப்பு.

செய்யப் போகிறவர்களுக்கு: வண்டி முழுக்கத் தேவையானதை ஒரே சுருளில், ஒரு கதவளவு கூடுதலாக, ஒரே தடவையில் வாங்குங்கள். முன் ஃபெண்டரிலிருந்து பின்னால் வரை ரேகை தொடர்ந்து ஓடும்படி தரையில் விரித்து, சாக்பீஸில் எண் போட்டு, அப்புறம் கத்தியை எடுங்கள். கடையில் கொடுத்தாலும் வெட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். சங்கடமாக இருந்தாலும் பரவாயில்லை.

பின்சீட்டுக்காரன், மிச்சிகன்

ஹூஸ்டன்காரரே, உங்கள் மகளை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த உப்பிப்போன கதவுக்காக நானும் இரண்டாவது சுருள்தான் வாங்கினேன். நல்லவேளை, நிறம் சேர்ந்தது. அல்லது சேர்ந்ததாக நான் நினைக்கிறேன். இனிமேல் மாலை வெயிலில் பார்க்கப் போவதில்லை.

லெஸ்டர் தம்பி, ஸ்க்ரூட்றைவர் குத்தினதைப் படித்தபோது என் வயிறு கலங்கியது. சட்டத்துக்குச் செய்ததை யாரோ தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள்: மேலே வெயில் தாங்கும் கிளியர் கட்டாயம், வார்னிஷ் மஞ்சளாகிவிடும். எந்த பிரஷ் என்றும் கேள்வி. கடையில் இரண்டு டாலருக்குக் கிடைக்கும் மட்டமான பிரஷ். நல்ல பிரஷ்ஷில் முயன்றேன், எல்லாக் கோடும் ஒரே மாதிரி வந்து சீப்பால் வாரின தலை போல இருந்தது.

என்னிடம் சுருளில் ஒரு மீட்டர் மீதி இருக்கிறது. நிறம் ஒப்பிட்டுப் பார்க்கத் துண்டு வேண்டுவோர் சொல்லுங்கள், வெட்டி அனுப்புகிறேன். ரேகை எந்தப் பக்கம் என்று பின்னால் அம்புக்குறி போட்டிருப்பேன்.