பதிவு செய்த பாடத்தை விடுதி அறையில் பார்ப்பதும் தொலைதூரக் கல்வியா?

கையேட்டுக்காரன்:
ஒரு பயிற்சி நிறுவனத்தில் பாடத்திட்டப் பிரிவில் இருக்கிறேன். மாணவர் கையேட்டில் தொலைதூரக் கல்வி பற்றிய பகுதியைத் திருத்தித் தரச் சொல்லியிருக்கிறார்கள். பழைய பதிப்பில் ‘ஆசிரியரும் மாணவரும் வெவ்வேறு இடத்தில் இருந்து படிப்பது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இப்போது அது பொருந்தவில்லை. விடுதி மாணவர் ஒருவர் வகுப்புக்கு இறங்கி வராமல், மாடி அறையில் படுத்துக்கொண்டு பதிவு செய்த பாடத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறார். இன்னொருவர் வேறு நாட்டிலிருந்து நேரலை வகுப்புக்கு வருகிறார். ஆசிரியர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறார். இவர்களில் யார் தொலைவில் இருந்து படிக்கிறார்? இதன் பொருள் காலத்துக்குக் காலம் எப்படி மாறியது?

பழையதாள்:
கருவியை வைத்துப் பிரிப்பதுதான் வழக்கம். முதலில் தபால், அப்புறம் வானொலி, தொலைக்காட்சி, கடைசியில் இணையம். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971ல் பாடம் தொடங்கியபோது பிபிசி ஒளிபரப்புதான் அதன் முகம். கையேட்டுக்கு இது போதும்.

சிவப்புமை:
பழையதாள் சொல்லும் வரிசை சரிதான். ஆனால் அதை வைத்து விடுதி மாணவரை எங்கே உட்கார வைப்பது?

நான் அஞ்சல்வழிப் படிப்பில் கணக்கியல் விடைத்தாள் திருத்தியவள். கட்டுக் கட்டாக வரும். ஒரு மாணவர் தேய்மானத்தைச் சொத்திலிருந்து கழிக்காமல் கூட்டியிருப்பார். இருப்புநிலைக் குறிப்பு இடிக்கும். எங்கே இடிக்கிறது என்று தெரியாமல், வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளி இரண்டு பக்கத்தையும் சமமாக்கி அனுப்பியிருப்பார். நான் ஓரத்தில், ‘இயந்திரம் பழசாகப் பழசாக அதன் மதிப்பு ஏறுமா?’ என்று எழுதுவேன். அந்தத் தாள் அவர் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் அதே தப்போடு அடுத்த இரண்டு பாடத்துக்கும் விடை அனுப்பியிருப்பார். எங்களுக்கு நடுவில் இருந்த தொலைவு அந்தச் சில வாரங்கள்தான். ஊர்க் கணக்கு ஒரு பொருட்டே இல்லை.

அதனால் நான் ஒன்றை மட்டும் பார்ப்பேன்: மாணவர் தடுக்கி விழும்போது பதில் சொல்ல யார் இருக்கிறார், எவ்வளவு நேரத்தில்? 1840ல் பிரிட்டனில் ஒரு பென்னிக் கட்டணத்தில் கடிதம் அனுப்பும் தபால் முறை வந்த காலத்தில் ஐசக் பிட்மன் தபாலில் சுருக்கெழுத்து கற்றுக்கொடுத்தார். மாணவர் எழுதி அனுப்பியதைத் திருத்தித் திருப்பி அனுப்பியதுதான் அதில் விசேஷம். பாடத்தை மட்டும் அனுப்பியிருந்தால் அது புத்தக வியாபாரம். 1951ல் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலிப் பள்ளி தொடங்கியது. எங்கோ ஒதுக்குப்புறப் பண்ணையில் இருந்த பிள்ளை வாய் திறந்து கேட்டால், ஆசிரியர் அப்போதே பதில் சொல்லலாம். பெரிய அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்குக்கூட அது வாய்க்காது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் தொலைக்காட்சி எல்லார் நினைவிலும் நிற்கிறது; பயிற்றுநர் திருத்தி, குறிப்பெழுதித் திருப்பிய ஒப்படைப்புகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. (திருத்தியவளுக்கு அந்த ஆதங்கம் இருக்காதா!)

மைக்கேல் மூர் என்ற கல்வியாளர் 1970களிலேயே இதைச் சொல்லிவிட்டார்: உரையாடல் குறையக் குறையத் தொலைவு கூடும், ஆசிரியர் எதிரிலேயே நின்றாலும்.

2011ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கு இணையத்தில் ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். இத்தனை பேருக்கு யார் ஓரத்தில் குறிப்பு எழுதுவது? இயந்திரம்தான் திருத்தியது. காத்திருப்பு ஒழிந்தது, நல்லதுதான். ஆனால் ‘தவறு’ என்று நொடியில் சொல்லும் பெட்டி, தேய்மானத்தை ஏன் கூட்டினாய் என்று கேட்பதில்லை. 2020ல் பள்ளிகளை மூடிவிட்டு அவசரத்துக்கு நடத்திய வகுப்புகளை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அது வேறு என்று கல்வியாளர்கள் அப்போதே பிரித்துச் சொன்னார்கள்.

உங்கள் விடுதி மாணவர்தான் தொலைவில் இருக்கிறார்.

தனிவழி:
சிவப்புமை சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. லண்டன் பல்கலைக்கழகம் 1858லேயே, வகுப்புக்கு வராதவர்களும் பட்டத் தேர்வு எழுதலாம் என்று கதவைத் திறந்தது. பாடம் நடத்துவது அதன் வேலையாக இல்லை, தேர்வு வைத்தது, அவ்வளவுதான். நெல்சன் மண்டேலா சிறையிலிருந்தபடி அதன் சட்டப் படிப்பைப் படித்தார். கடைசியில் 1989ல் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டம் அஞ்சல்வழிப் படிப்பில் கிடைத்தது. கதவு மூடியிருப்பவருக்கு முதல் தேவை அனுமதி. ஓரக் குறிப்பெல்லாம் அப்புறம். நானும் அப்படித் தனியாகப் படித்துத் தேறியவன்தான், யாரும் எனக்குச் சிவப்பு மையில் எழுதவில்லை.

சிவப்புமை:
தேறியவர் நீங்கள், அதனால் இங்கே எழுதுகிறீர்கள். பாதியில் விட்டவர்களின் தாள்களும் என்னிடம் வந்தன. கடைசித் தாள் பெரும்பாலும் ஒரு கேள்வியோடு நின்றிருக்கும். ஆனாலும் அனுமதி பற்றி நீங்கள் சொன்னது நியாயம். கதவே திறக்காத இடத்தில் என் பேனாவுக்கு என்ன வேலை?

கையேட்டுக்காரன்:
ரெண்டையும் எடுத்துக்கொள்கிறேன். இடம் பற்றிய வரியை நீக்கிவிட்டு, ஒவ்வொரு படிப்புக்கும் யார் சேரலாம், சந்தேகத்துக்குப் பதில் சொல்வது மனிதரா இயந்திரமா, எத்தனை நாளில் பதில் வரும் என்று மூன்று கட்டம் போடப்போகிறேன். மூன்றாவது கட்டத்தில் என்ன நிரப்புவது என்று துறையில் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.