மாலை போடாத சாமி

முக்கூடல்காரன்:

எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். அம்மா சொளவை மடியில் வைத்து உட்கார்ந்தால் ஆயிரம் முடியாமல் எழுந்திருக்க மாட்டாள். அதில் எனக்கு ஒரு வசதி. மற்ற வீடுகளில் பிள்ளை பீடி குடித்துவிட்டு வந்தால் வாடையை வைத்தே பிடித்துவிடுவார்கள், எங்கள் வீட்டில் பாய், தலையணை, அம்மா ஊட்டுகிற சோறு வரைக்கும் புகையிலை வாடைதான், யாரை யார் பிடிப்பது? பதினேழு வயதில் அவள் கட்டி வைத்ததிலிருந்து இரண்டை உருவினேன். மாட்டியது எண்ணிக்கையில். கடையில் எண்ணும்போது இரண்டு குறைய, அம்மா ஒன்றும் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏசியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அப்புறம் திருநெல்வேலி ஜங்ஷனில் வேலை, சிகரெட்டுக்கு மாறி பதினாலு வருஷம். நாளைக்கு எட்டு, அதில் ஐந்து டீயோடு. விடாமலும் இல்லை. சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாளும் தொட மாட்டேன், மலையிறங்கி வந்து மாலையைக் கழற்றிய சாயங்காலமே கை நீளும். ஏழு வருஷம் இதே கதை. எனக்கு மன உறுதி இல்லை என்றுதான் நானும் நினைத்தேன், வீட்டிலும் சொன்னார்கள். ஒரு நாள் டீக்கடை வாசலில் நின்றபோதுதான் உறைத்தது: மாலை போட்டிருக்கும்போது கடை அண்ணாச்சி "சாமி, டீயா?" என்று கிளாஸை மட்டும் நீட்டுவார். கழற்றிவிட்டால் டீயோடு நான் கேட்காமலே ஒன்றை உருவி வைத்துவிடுவார், பற்று நோட்டில் எழுதியும் விடுவார். அந்த 41 நாளும் நான் தனியாக விடவில்லை, சுற்றியிருந்தவர்களும் சேர்ந்து விட்டிருக்கிறார்கள்.

மறுநாளே அவரிடம் போய், "அண்ணாச்சி, மாலை இல்லாமலே என்னைச் சாமின்னு கூப்பிடுங்க" என்றேன். "என்ன வே, வெயிலு தலைக்கு ஏறிட்டா?" என்று சிரித்தார். ஆனால் செய்தார்.

முதல் மூன்று நாள் நரகம், மூன்றாவது நாள்தான் மோசம். வீட்டுக்காரி கரண்டியைக் கீழே போட்டதற்குச் சண்டை. ஒன்று கவனித்தேன், அந்தத் தவிப்பு ஐந்து பத்து நிமிஷம்தான் உச்சத்தில் நிற்கிறது, அதுவரை எங்காவது நடந்தால் இறங்கிவிடும். நான் ஈரடுக்குப் பாலத்தில் ஏறி இறங்கினேன். மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சுவிங்கமும் வாங்கினேன். பபிள்கம் மாதிரி மென்று விக்கல் எடுத்துத் திண்டாடிய பிறகுதான் விவரம் தெரிந்தது. கொஞ்சம் மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும், டீ, காபி குடித்த கையோடு போட்டால் சரியாக ஏறாது. 1800-11-2356 என்ற இலவச எண் பாக்கெட்டிலேயே அச்சாகி இருக்கிறதாம், தமிழிலும் பேசுகிறார்கள். சில்லறையாக வாங்குகிறவனுக்குப் பாக்கெட் எங்கே கண்ணில் படும்?

மூன்றாம் மாசம் ஒரு துட்டி வீட்டில், அதாவது சாவு வீட்டில், கட்டையைத் தூக்கிவிட்டு வந்து நின்றபோது யாரோ சிகரெட்டை நீட்ட, வாங்கிவிட்டேன். அந்த ஒரு வாரம் முழுக்கக் குடித்தேன், மறைக்கவில்லை. திரும்ப அண்ணாச்சியிடம் போய் முதலிலிருந்து. இப்போது இரண்டு வருஷம் ஆகிறது.

பாளை டீச்சர்:

எனக்குப் புகை இல்லை, நகம். நாற்பது வயதில் நகம் கடிக்கிற டீச்சரைப் பார்த்திருக்கிறீர்களா? சின்ன வயதில் ஆச்சி வேப்பெண்ணெய் தடவினாள், அதையும் சப்பினேன் என்றால் பாருங்கள். அஸ்ரின், நன் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1973-இல் சொன்ன வழிதான் கைகொடுத்தது. முதலில் கை எப்போது வாய்க்குப் போகிறது என்று ஒரு வாரம் சும்மா குறித்து வைப்பது. எனக்கு விடைத்தாள் திருத்தும்போது, அதுவும் இடது கட்டை விரல் மட்டும்! அப்புறம் கை எழும்பும்போதே முஷ்டியை மடக்கி ஒன்றிரண்டு நிமிஷம் இறுக்கிப் பிடித்துக்கொள்வது. பையன்கள் "டீச்சர் அடிக்கப் போறாங்க"ன்னு பயந்தது தனிக்கதை.

கடையம் பஸ்:

21 நாள் விட்டால் எந்தப் பழக்கமும் போய்விடும் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, முக்கூடல் அண்ணனுக்கு 41 நாளே பத்தவில்லையே? லண்டனில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், புதுப் பழக்கம் ஒன்று தானாக நடக்கிற அளவுக்கு ஊறுவதற்குப் பாதிப் பேருக்கு 66 நாளுக்கு மேல் பிடித்ததாம், ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 நாள் வரை கணக்கு. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்றும் சொல்கிறார்கள். எனக்கு ராத்திரி போன் பார்க்கிற வியாதி. சார்ஜரை அடுக்களைக்கு மாற்றியதோடு பாதி தீர்ந்தது, மீதிப் பாதிக்கு எழுந்து அடுக்களைக்கே போய் நிற்கிறேன், மதினி திருடன் என்று நினைத்துக் கத்திவிட்டாள். சரி அண்ணே, அந்த டீக்கடைக்கு இன்னும் போகிறீர்களா? போகாமல் இருப்பதுதானே நல்லது?

முக்கூடல்காரன்:

போகிறேன் தம்பி. போகாமல் இருந்து பார்த்தேன், அடுத்த தெருவிலும் டீக்கடை இருக்கிறது, அங்கே என்னைத் தெரியாது. இங்கே இந்த ஆனி மாச வெயிலிலும் "சாமிக்கு ஒரு டீ"ன்னு அண்ணாச்சி சத்தம் கொடுக்கிறார். புதுசாக நிற்கிறவர்கள் என் கழுத்தைத்தான் பார்க்கிறார்கள்.