வொர்க்ஸ்டேஷன் கீபோர்டு வாங்கும்முன் அதன் ஒலியை எப்படிச் சோதிப்பது?

வியாசர்பாடி கீஸ் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் வியாசர்பாடியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். ஆடி மாதம் முழுவதும் அம்மன் கோயில் கச்சேரிகள், மற்ற மாதங்களில் திருமண வரவேற்புகள், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழு என்று எங்கள் வேலை கலந்தே இருக்கும். இதுவரை தாளத்தையும் பின்னணியையும் (ஸ்டைல்) தானாக வாசிக்கும் அரேஞ்சர் கீபோர்டுதான் வைத்திருந்தேன். இப்போது குழுவில் டிரம்ஸ், தபேலா, ரிதம் பேட் எல்லாவற்றுக்கும் ஆள் இருப்பதால், அதிலுள்ள ஸ்டைல்களை நான் தொடுவதே இல்லை. எனவே ஒலிகளை நாமே அடுக்கி அமைத்துக்கொள்ளும் வொர்க்ஸ்டேஷன் வாங்கலாம் என்று முடிவு செய்து, யமஹா மோடெக்ஸ்6, ரோலண்ட் ஃபேன்டம்-06 இரண்டையும் மனத்தில் வைத்திருக்கிறேன். கடையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டால் இரண்டுமே பிரமாதமாக ஒலிக்கின்றன. மேடைக்கு எது சரிப்பட்டு வரும் என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது? அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பெரம்பூர் பழைய கை

தம்பி, கடையில் கீபோர்டை இயக்கியதும் முதலில் வந்து நிற்கும் டோன்கள் (கருவி ஒலிகள்), ரிவர்ப், கோரஸ், டிலே போன்ற எதிரொலி எஃபெக்டுகளைத் தாராளமாகச் சேர்த்து, வாங்க வருபவரைக் கவர்வதற்காகவே அமைக்கப்பட்டவை. அவற்றை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். எஃபெக்டுகளை அணைத்துவிட்டு வெறும் டோனைக் கேளுங்கள்.

பியானோவில் தொடங்குங்கள். நடு ஸ்தாயியில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபடி, ஒலி முற்றிலும் அடங்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள். பதிவு செய்த ஒலித்துண்டு (சாம்பிள்) தீர்ந்த பிறகு, அதன் கடைசித் துண்டைச் சுழலவிட்டுத்தான் மீதி ஒலியை நீட்டுவார்கள். அந்தச் சுழற்சி குறுகியதாக இருந்தால், ஒலி தேயும்போது உயிரற்ற ஒரே சீரான ரீங்காரம் காதில் விழும். அடுத்து அதே கட்டையை மிக மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக அழுத்தம் கூட்டி வாசியுங்கள். மென்மையான ஒலியிலிருந்து கூர்மையான ஒலிக்கு ஏறும் இடத்தில் திடீரென்று ஒரு தாவல் தெரிகிறதா என்று பாருங்கள். ஃபேன்டம்-06இல் உள்ள சூப்பர்நேச்சுரல் என்ற வகைப் பியானோ இந்தச் சோதனையில் தாவல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் என்பது என் கருத்து. பிறகு அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக மேலே ஏறுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளில் ஒலியின் நிறம் மாறினால், அங்கே ஒரு சாம்பிள் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று பொருள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது, மோனோவில், அதாவது இடமும் வலமும் கலந்த ஒரே ஒலியாகக் கேட்பதைத்தான். கோயில் திருவிழாவில் தெருவின் இரு பக்கமும் கட்டியிருக்கும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் ஒரே ஒலிதான் போகும். ஹெட்போனில் இரு காதுகளையும் நிறைக்கும் ஸ்டீரியோ பியானோவின் இடமும் வலமும் ஒன்றாகக் கலக்கும்போது, சில அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், நடு ஸ்தாயி குழிந்து போய்த் தகரத்தில் தட்டுவதுபோல் கேட்கலாம். கடைக்காரரிடம் சொல்லி, எல்/மோனோ துளையில் மட்டும் ஒயரைச் செருகி, ஒரே ஒரு ஸ்பீக்கரில் கேளுங்கள். அதில் தாங்கி நிற்கும் பியானோவும் ஸ்டிரிங்ஸும்தான் உங்களுக்கு உதவும்.

பாலிஃபோனி, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்களின் எண்ணிக்கை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1988இல் வந்த கோர்க் எம்1 வொர்க்ஸ்டேஷனுக்கு மொத்தமே 16 குரல்கள்தான். இன்று மோடெக்ஸில் சாம்பிள் ஒலிகளுக்கு 128, பதிவு இல்லாமல் கருவியே உருவாக்கும் எஃப்எம்-எக்ஸ் ஒலிகளுக்குத் தனியாக 64; ஃபேன்டம்-06இல் அதிகபட்சம் 256, ஆனால் சுமையைப் பொறுத்து அது குறையும். எண் பெரிதாகத் தெரிந்தாலும், ஒரு டோனுக்கு நான்கு குரல் வீதம் செலவாகும் இரண்டு டோன்களை லேயர் செய்தால் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்) ஒரு கட்டைக்கு எட்டு குரல் போய்விடும். 128இல் 16 கட்டைகள்தான் மிஞ்சும். ஒலியை நீட்டும் சஸ்டெயின் பெடலை மிதித்துக்கொண்டு, இடக்கையில் ஒரு பேஸ் ஸ்வரத்தைப் பிடித்தபடி வலக்கையில் ஆர்பெஜியோ (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக) ஓட்டிப் பாருங்கள். அந்தப் பேஸ் எந்த நேரத்தில் சத்தமில்லாமல் காணாமல் போகிறது என்பதைக் காது பிடித்துவிடும்.

புளியந்தோப்பு கானா மேடை

அண்ணன் சொன்னவை அனைத்தும் சரி. இருந்தாலும் ஒலித் தரத்தில் இன்றைய கருவிகளுக்குள் இருக்கும் வேறுபாட்டைவிட, டோன் மாற்றும் விதத்தில் இருக்கும் வேறுபாடுதான் மேடையில் நம்மை அதிகம் சோதிக்கும் என்று நினைக்கிறேன். பல்லவி முடிந்து இடையிசைக்குள் நுழையும்போது, ஸ்டிரிங்ஸை விட்டுவிட்டு நாதஸ்வரத்துக்குப் போக வேண்டியிருக்கும். அந்த நொடியில் ஸ்டிரிங்ஸின் கடைசி கார்டு வெட்டுப்பட்டால், பாடுபவருக்கே ஆதாரம் போனதுபோல் ஆகிவிடும். மோடெக்ஸில் நான்கு பார்ட்டுகள் (அடுக்கிய தனி ஒலிகள்) வரை உள்ள பெர்ஃபார்மன்ஸ்களுக்கு (சேமித்து வைத்த டோன் அமைப்புகளுக்கு) மட்டுமே அறுபடாத மாற்றம் கிடைக்கும். அதற்கு மேல் அடுக்கினால் ஒலி வெட்டும். எனவே கடைக்குப் போகும்போது நீங்கள் வழக்கமாக வாசிக்கும் ஒரு பாட்டின் டோன் வரிசையை எழுதி எடுத்துப் போய், அதே வரிசையில் மாற்றிப் பாருங்கள்.

நாதஸ்வரம், வீணை, புல்லாங்குழல் டோன்களைக் கட்டையை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது. ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டின் எல்லையை இரண்டு அரை ஸ்வரத்துக்கு வைத்து, ஒரு கமகத்தை வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது டோன் மூக்கடைத்த குரலாக மாறினால், அது நம் பாட்டுக்கு ஆகாது. நீங்கள் சொன்ன இரண்டு மாடல்களிலும் ஆஃப்டர்டச் (பிடித்த கட்டையை மேலும் அழுத்தி ஒலியை மாற்றும் வசதி) கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்; அழுத்திப் பிடித்து அசைவு கொடுக்க நினைத்தால் வராது, லீவரையோ சக்கரத்தையோ பெடலையோதான் பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்று, கருவி இயங்கத் தொடங்க எடுக்கும் நேரம். பழைய கோர்க் க்ரோனோஸ் கைமாற்றில் கிடைத்தால் ஆசையாகத்தான் இருக்கும், ஒன்பது ஒலி எஞ்சின்கள் உள்ள அருமையான கருவி. ஆனால் அது தயாராக இரண்டு நிமிடம் போலப் பிடிக்கும். மின்வாரிய இணைப்பிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும்போது மின்சாரம் ஒரு நொடி அறுந்தாலும், கூட்டத்தின் முன் அவ்வளவு நேரம் நிற்க வேண்டும்.

காசிமேடு சர்வீஸ்

இருவரும் பெரும்பாலும் புதுக் கருவியை வைத்தே பேசியிருக்கிறார்கள். பழையது வாங்குவதாக இருந்தால் கட்டைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பர் பட்டையில் இரண்டு கார்பன் பொட்டுகள் இருக்கும். கட்டை இறங்கும்போது ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாகத் தொடும் இடைவெளியை அளந்துதான், நீங்கள் எவ்வளவு வேகமாக அடித்தீர்கள் என்பதைக் கருவி கணக்கிடுகிறது. அங்கே தூசியோ கடற்காற்றின் உப்போ படிந்தால் அந்தக் கணக்குத் தவறி, மெதுவாக அழுத்திய கட்டை திடீரென்று அலறும், அல்லது ஊமையாகிவிடும். கடலோரத்தில் புழங்கிய கருவிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். வேகத்துக்கேற்ப நன்றாக மாறும் மின் பியானோ டோன் ஒன்றை வைத்து, கீழிருந்து மேல்வரை எல்லாக் கட்டைகளையும் ஒரே மென்மையில் தொட்டுக்கொண்டே போங்கள்; தப்பும் கட்டை தானாகத் தெரியும். இந்தக் குறையைப் பெரும்பாலும் சுத்தம் செய்து சரிப்படுத்திவிடலாம் என்பதால், விலையைக் குறைத்துக் கேளுங்கள். திரையின் தொடுதிறன் போயிருந்தால் மட்டும் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள்.

மோடெக்ஸ்6, ஃபேன்டம்-06 இரண்டும் வெளி அடாப்டரில் இயங்குபவை. பையில் இன்னொரு அசல் அடாப்டர் இருக்கட்டும்.

வியாசர்பாடி கீஸ்

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம் மட்டும்: தேவாலயத்துக்கு ஆர்கன் டோன் முக்கியம். அதையும் இதே முறையில்தான் சோதிக்க வேண்டுமா?

பெரம்பூர் பழைய கை

ஆர்கனுக்கு அழுத்த வேறுபாடு தேவையில்லை, தம்பி. கார்டைப் பிடித்துக்கொண்டு நேரம் போகவிட்டுக் கேளுங்கள், சுழற்சி தெரியக்கூடாது. ஃபேன்டம்-06இல் இழுவைக் கம்பிகளின் அளவை வாசிக்கும்போதே மாற்றக்கூடிய டோன்வீல் ஆர்கன் (பழைய மின் ஆர்கன் வகை) தனியாக இருக்கிறது, ஆனால் அது ஜாஸ், கோஸ்பல் பாணிக்கானது. தேவாலயக் கீர்த்தனைகளுக்குக் குழாய் ஆர்கன் டோன்களைத் தேடி எடுத்து, மிகத் தாழ்ந்த ஸ்தாயியில் ஒரு கட்டையைப் பிடித்தபடி மேலே நான்கு ஸ்வரக் கார்டு வாசித்துப் பாருங்கள். கீழ் ஸ்வரம் உறுமாமல் தெளிவாக நின்றால் எடுத்துக்கொள்ளலாம்.