வேப்பம்பலகை மேசை: விரிசல் இன்னும் ஓடுமா?

பெரம்பூர்வாசி:
வீட்டு வேப்பமரத்தை அறுத்ததில் ரெண்டு அங்குலக் கனத்தில் ஐந்தடிப் பலகை கிடைத்தது. ஆபீஸ் வேலைக்கு மேசையாக்க ஆசை. ஓரம் வளைவு, நடுவில் கணு, முனையில் ஒரு சாண் விரிசல். நேராக அறுத்து மைக்கா ஒட்டலாம் என்கிறார் ஆசாரி. எனக்கு மனசே வரவில்லை. விரிசல் ஓடுமா?

இழைப்புளி:
மைக்கா வேண்டவே வேண்டாம்! கணுவைச் சுற்றி ரேகை வளைந்தோடும் அழகு வேறெதில் கிடைக்கும்? விரிசலுக்குக் குறுக்கே, இடை சிறுத்த உடுக்கை வடிவில் தேக்குக் கட்டை பதியுங்கள். கட்டையின் ரேகையும் குறுக்காகவே ஓடணும், இல்லையென்றால் இடையில் முறியும். 1930களில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டட வேலையில் இருந்த மரச்சாமான் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா, பின்னாளில் அமெரிக்காவில் செய்த மேசைகளில் விரிசலை மறைக்காமல் இப்படித்தான் பூட்டினார்.

திருவான்மியூர் தச்சன்:
முதலில் பலகை காய்ந்ததா? அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. நம்ம ஊர் மழைக்காலத்தில் பலகை அகலத்தில் உப்பும், அப்புறம் சுருங்கும். அதனால் இரும்புக் காலில் திருகாணித் துளையைப் பலகையின் அகலவாக்கில் நீண்டதாகப் போடச் சொல்லுங்கள். இறுக்கிவிட்டால் புது விரிசல் நிச்சயம்.

பெரம்பூர்வாசி:
அறுத்து ஏழெட்டு மாசம்தான். சரி, காத்திருக்கிறேன். பட்டை?

திருவான்மியூர் தச்சன்:
இப்போதே உரித்துவிடுங்கள், பூச்சி அதனடியில்தான் தங்கும். மணிக்கட்டு படும் ஓரத்தை மட்டும் நன்றாக உருட்டி இழைக்கணும்.