புதுப்பக்கப் பணிக்கு ‘முதற்பார்வை’ என்னும் சொல்

ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிய கட்டுரைகளைத் தன்னார்வலர்கள் பார்த்துக் குறியிடும் பணிக்குப் ‘பேட்ரோல்’ என்ற பெயரே நிலைத்துவிட்டதால், தமிழிலும் ‘ரோந்து’, ‘சுற்றுக்காவல்’ ஆகியவை இயல்பாக முன்வருகின்றன. ‘சுற்றுக்காவல்’ அழகான சொல்தான். ஆயினும் காவல் என்றதும் எதிரே ஒரு கள்வன் தோன்றிவிடுகிறான். புதுப்பக்க வரிசையிலோ விதி தெரியாத புதியவர்களும் வந்து நிற்கிறார்கள்.

பணியைப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவோம். ஒரு புதுக்கட்டுரை வேறு தளத்திலிருந்து படியெடுக்கப்பட்டதா, வாழும் ஒருவரைச் சான்றின்றி இழிவுபடுத்துகிறதா, வெறும் விளம்பரமா என்பதே முதல் கேள்வி; ஆம் எனில், பக்கத்தை உடனே நீக்கக் கோரும் ஆயத்தக் குறிப்பான விரைவு நீக்கல் வார்ப்புரு இடப்படுகிறது. இல்லையெனில், குறிப்பிடத்தக்கமையை, அதாவது தனிக்கட்டுரைக்குரிய தகுதியைக், காட்டும் சார்பற்ற மூலங்கள் உள்ளனவா என்று தேடி, கிடைக்காதபோது நீக்கல் உரையாடலுக்கோ, முற்றுப்பெறாத கட்டுரைகளை வைக்கும் பகுதியான வரைவுப் பெயர்வெளிக்கோ அனுப்புகிறார்கள். தேறிய கட்டுரைக்குத் தலைப்புவாரிப் பகுப்பும், குறைகளைச் சுட்டும் பராமரிப்பு வார்ப்புருக்களில் தேவையானவையும் சேர்த்துக் குறியிடுகிறார்கள். அக்குறி விழும்வரை, அல்லது 90 நாள்கள் கடக்கும்வரை, தேடுபொறிகள் அப்பக்கத்தை அட்டவணைப்படுத்தாதபடி மென்பொருள் தடுத்து வைக்கிறது. குறியிடுவதற்கென்றே 2016 முதல் தனி அனுமதியும் உண்டு.

ஆகவே ‘சரிபார்ப்பு’ பொருந்தாது. ஒவ்வொரு தகவலும் சரி என்று இங்கே யாரும் உறுதியளிப்பதில்லை. ‘மதிப்பாய்வு’ ஆய்விதழ்களில் துறை வல்லுநர் செய்வது. இங்கே குறியிடுபவர் அத்துறையை அறிந்திருக்க வேண்டியதில்லை. திரைப்படத் தணிக்கையோடு வளர்ந்த நாம் ‘தணிக்கை’யைப் பற்றிப் பேசவே வேண்டாம். செருமன் விக்கிப்பீடியா 2008-இல் திருத்தங்களுக்கு இத்தகைய குறியீட்டைக் கொண்டுவந்தபோது, ‘பார்க்கப்பட்டது’ என்ற அளவில் பொருள்படும் ‘கெசிஷ்டெட்’ என்னும் சொல்லைத் தேர்ந்தது; வெளிப்படையான நாசவேலை இல்லை என்பதற்கு மேல் அது எதற்கும் பொறுப்பேற்பதில்லை. அந்த அடக்கம் நமக்கும் வேண்டும்.

எனவே ‘முதற்பார்வை’ என்று முன்மொழிகிறேன். முதல் பார்வையில் காதல் என்ற கிண்டலும், திரைப்படச் சுவரொட்டியின் நினைவும் எழத்தான் செய்யும். புணர்ந்து எழுதும் வடிவமும், அது வரும் இடமும் அக்குழப்பத்தைப் பெரும்பாலும் தவிர்த்துவிடும். செய்பவர் முதற்பார்வையாளர், காத்திருக்கும் பக்கங்கள் முதற்பார்வை நிலுவை.

இச்சொல்லின் பயன் இன்னோர் இடத்தில் தெளிவாகிறது. நம்பிக்கைக்குரிய பயனர் உருவாக்கும் பக்கங்கள் தாமாகவே பார்க்கப்பட்டவையாகக் கொள்ளப்படும் ஏற்பாட்டின் ‘ஆட்டோபேட்ரோல்டு’ என்னும் ஆங்கிலப் பெயரைத் ‘தானியங்கிச் சுற்றுக்காவல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், அப்பயனர் ஓர் இயந்திரக் காவலர் போல ஆகிவிடுகிறார். உண்மையில் பிறர் பக்கங்கள்மீது அவருக்கு எந்த அதிகாரமும் கூடுவதில்லை; அவருடைய பக்கங்கள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். அதை ‘முதற்பார்வை விலக்கு’ என்றால் போதும். இடைமுகப் பொத்தானில் இடம் குறைவு என்பதால் அங்கே மட்டும் ‘பார்த்ததாகக் குறி’ என்று சுருக்கி, செயல்களின் பதிவேடான பதிகையில் முழுச்சொல்லையே இடலாம்.